ரெட்டை மரத்து மண்

பூந்தமல்லியில் பால் இல்லாத தேநீர் வாங்குவது எளிதல்ல. முதல் நாள் காலை பேருந்து நிலையத்தருகே நான் பிளேன் டீ கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பால் இல்லாமயா? ஒடம்புக்கு இன்னாம்மா?" என்றார். ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் அப்படித்தான் குடிப்போம் என்றேன். "சிலோனா?" என்றவர், கொதிக்கும் பாலைக் கரண்டியால் ஒருமுறை கிண்டிவிட்டு, அரை டம்ளர் கறுப்புத் தேநீரை மருந்து கொடுப்பது போல நீட்டினார். ஐந்து நாளும் அந்தக் கடையிலேயே குடித்தேன். ஐந்து நாளும் அவர் என் உடல்நலத்தை விசாரித்தார்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். இப்போது கொழும்பில், வெளிநாட்டுக் கடனில் இலங்கையிலும் இந்தியாவிலும் நடக்கும் நலத்திட்டங்களைச் சரிபார்க்கும் வேலை. கட்டடம் கட்டுகிற இடத்தில் யாரும் விரட்டப்படவில்லை, மரமும் நீரும் பாழாகவில்லை, ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் செய்தார்கள் என்பதற்கெல்லாம் ஒரு படிவம் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள், பக்கத்தில் சான்று. சான்று ஒழுங்காக இருந்தால் கொழும்பிலிருந்தே ஒப்பமிட்டுவிடுவேன். ஆண்டுக்கு ஒருமுறை, அப்படி ஒப்பமிட்ட இடங்களில் ஒன்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

இடம், பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஓர் ஏரியோரக் கிராமம். பெயரை எழுதப்போவதில்லை. கிராமம் என்பது பதிவேட்டில்தான். தெருவில் ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகளும் மாட்டுக் கொட்டில்களும். மறுபக்கம் பத்து மாடிக் குடியிருப்புகள், கீழே வரிசையாகக் கார்கள். நடுவில் தண்ணீர் லாரிகள் ஓடுகின்றன.

முதல் நாளான திங்கட்கிழமை மெட்ரோ வேலைக்காகப் பாதையைத் திருப்பியிருந்தார்கள். பேருந்து என் நிறுத்தத்தைத் தொடாமலே போயிற்று. கேட்டதற்கு நடத்துநர், "நிறுத்தத்தைத் தூக்கிட்டாங்கம்மா, ஆளு மட்டும் அங்கயே நின்னுகினு கீறாங்க" என்று ஜன்னலைக் காட்டினார். உண்மைதான். தூணுக்குக் கீழே, பலகை எதுவும் இல்லாத இடத்தில், ஏழெட்டுப் பேர் பழக்கத்தில் காத்து நின்றார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தூசிக்குள் ஒன்றரை மைல் திரும்பி நடந்தேன்.

தகரத் தடுப்புக்குள் மையத்தின் அடித்தளம் எழும்பியிருந்தது. முதியோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி, பெண்களுக்கு ஆலோசனை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். இங்கிருந்து படிவங்களை நிரப்பி அனுப்பும் பாதுகாப்பு அலுவலர் அருண் வாசலிலேயே காத்திருந்தார். கரூர்க்காரர், நாற்பதை நெருங்குகிறவர், எதிரே தெரியும் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வீடு. "எல்லாம் பக்காங்க மேடம்" என்று தலைக்கவசத்தைக் கொடுத்தார்.

பக்காதான். தொழிலாளருக்குக் கழிப்பறை இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்தது. தூசிக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குறைதீர்ப் பெட்டியின் சாவியைக் கேட்டேன், உடனே வந்தது. உள்ளே மூன்று தாள்கள். ஒன்று குடிநீர்க் கருவி விளம்பரம். ஒன்று வாட்ச்மேன் வேலை கேட்டு மனு. மூன்றாவதில், பெட்டிக்குள் குளவி கூடு கட்டுகிறது, யாராவது திறந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. கூடும் இருந்தது.

தளத்தின் மேற்கு ஓரத்தில் ஜேசிபி ஒரு பெரிய குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. செப்டிக் டேங்க். பாதி ஆழம் முடிந்திருந்தது. மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டாக வேண்டும், வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று என்றார் அருண்.

மதில் ஒட்டி ஓர் அங்கன்வாடி. அதன் உதவியாளர், முப்பது வயது மதிக்கத்தக்க பெண், தகரங்களுக்கு இடையிலான சந்தில் நின்று குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சோறு கிளறிய கரண்டி. நான் அருகே போனதும், "இது எதுக்கு மேடம் இம்மாம் பெரிய குழி?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"கக்கூஸ் தண்ணி வுடறதா?"

ஆம் என்றேன். கரண்டியை முந்தானையால் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் பெயர் கஸ்தூரி என்பதை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இட்லியும் வடகறியும். எங்கள் ஊர்ச் சம்பலுக்குப் பழகிய நாக்குக்கு வடகறி கனமான பண்டம், ஆனால் பதினோரு மணிவரை பசிக்கவில்லை. அருணின் கோப்புகளை அங்கன்வாடியில் உட்கார்ந்து படித்தேன். குழந்தைகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆனா ஆவன்னா கத்தினார்கள்.

கலந்தாய்வுக் குறிப்புகள் எனக்குப் பழக்கமானவை, கொழும்பில் படித்தவைதான். ஆண்களுக்கு ஒரு கூட்டம், பெண்களுக்குத் தனியே ஒன்று. தனிக்கூட்டம் கட்டாயம். ஆண்கள் முன்னால் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் வைத்த விதி, நல்ல விதி. ஆண்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் குடியிருப்புக்காரர்கள். வண்டி எங்கே நிறுத்துவார்கள், கொசு வருமா என்று கேட்டிருக்கிறார்கள். பழைய ஊர் ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். பழைய ஊரைப் பெண்கள் கூட்டம் ஈடுசெய்திருந்தது. பதினேழாவது கேள்வி: நிலத்தில் மயானமோ சமாதியோ வழிபாட்டிடமோ உண்டா? பெண்கள் ஒரே குரலில் இல்லை என்று சொன்னதாகக் குறிப்பு. கீழே கையெழுத்துகள். ஓரத்தில் என் ஒப்பம்.

தட்டு கழுவி முடித்த கஸ்தூரி என்னெதிரே தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, இன்னா எழுதிக் கீது அதுல?" என்றாள். நேற்று மேடம், இன்று அக்கா.

வாசித்துக் காட்டினேன்.

"நானும் அந்த மீட்டிங்ல இருந்தேன். சுடுகாடு கீதான்னு கேட்டாங்க. சுடுகாடு ரோட்டுக்கு அந்தாண்ட கீது, கேஸ் அடுப்புலாம் வெச்சி. இது சுடுகாடு இல்லக்கா. இது புள்ளைங்கள வெச்ச எடம்."

பல்முளைக்காத பிள்ளைகளை இந்த ஊரில் எரிப்பதில்லை. தகப்பன் கையில் ஏந்தி வருவான், மயானத்து ஆள் குழி தோண்டுவார், ஏரிப்பக்கம் ஒரு மரத்தடியில் வைத்து நாய் தோண்டாமல் முள்ளை வெட்டிப் போடுவார்கள். கல் நட மாட்டார்கள். படைக்கமாட்டார்கள். பேசவும் மாட்டார்கள்.

கஸ்தூரியின் மகன் பிறந்து நாற்பத்தோராம் நாள் இறந்தான். ஆறு ஆண்டு ஆகிறது. அவனைக் கொண்டுபோன கணவன் அம்பத்தூரில் லாரி மோதிச் செத்து மூன்று ஆண்டு.

"ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை?" என்று கேட்டேன். கேட்டபோதே பதில் தெரிந்தது.

"எங்கன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்? பொம்பளைங்க வாசலோட நின்னுக்குவோம். ஏரிப்பக்கம்னு சொன்னாங்க. ஏரி இம்மாம் பெருசு. குழி தோண்டறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு, எங்க மாமியா வாய் தவறி, இங்கதான்னு சொல்லிச்சி."

எங்கள் ஊரிலும் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவோம். அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோனபோது நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள். எந்தத் திசையில் தலைவைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நான், மயானத்தைப் பற்றிய கேள்விக்குப் பெண்கள் சொன்ன 'இல்லை'யைச் சிறந்த சான்றாக ஏற்று ஒப்பமிட்டிருந்தேன்.

"இப்போது என்ன வேண்டும்?" என்றேன்.

"எம் புள்ள மேல கக்கூஸ் தண்ணி வுடக்கூடாது. அவ்ளோதான்."

புதன்கிழமை, நான் சொல்லியனுப்பியதன்பேரில், கன்னியப்பன் தளத்துக்கு வந்தார். அந்த ஊரின் மயானத்து ஆள். இப்போது நகராட்சியின் எரிவாயு மேடையில் ஒப்பந்த வேலை. சலவை செய்த காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். "எதுக்கும்மா கூப்ட்டீங்க? நம்மள உயிரோட கீறவங்க கூப்பிட மாட்டாங்களே" என்று சிரித்தபடி உள்ளே நுழைந்தவர், நாலு எட்டில் நின்றுவிட்டார்.

"மரம்லாம் எங்க?"

தளம் முழுக்கச் சீமைக் கருவேல மரம் இருந்தது, பிடுங்கிவிட்டோம் என்றார் அருண். அந்நிய மரம், நிலத்தடி நீரை உறிஞ்சுவது. அதை அகற்றியதைச் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று படிவம் கணக்கிடும். அதற்கு நான் ஒரு வரி பாராட்டும் எழுதியிருந்தேன்.

"மரத்த வெச்சிதான நைனா எனக்கு அடையாளமே" என்றார் கன்னியப்பன். "கோணமரத்துக்கு வடக்கால யாரு, மொட்டமரத்தாண்ட யாருன்னு எங்கப்பா சொல்லிக்குடுத்தது. மரத்த எட்த்துட்டு வந்து எடத்தக் காட்டுன்னா?" சொல்லிக்கொண்டே வெட்டவெளியில் பத்தடி போனார், திரும்பினார், இன்னொரு பக்கம் போனார். தெரிந்த வீட்டில் மின்சாரம் போனதும் ஒருவர் நடப்பதைப் போல இருந்தது.

"எத்தனை பிள்ளைகள் இருக்கும்?" என்று கேட்டேன். பழைய தொழில் விடவில்லை.

"அத எண்ணினா அப்பால மண்வெட்டி புடிக்க முடியாதும்மா."

எங்கள் பக்கம் நிலத்தைத் தோண்டும்போது எலும்பு வந்தால் வேலை நிற்கும். நீதவான் வருவார், மஞ்சள் நாடா கட்டுவார்கள். அந்த நாடாவுக்கு வெளியே நின்று பல முறை செய்தி எழுதியிருக்கிறேன். பக்கத்தில் போரில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் நிற்பார்கள். இந்தத் திட்டத்துக்கும் அப்படி ஒரு நெறி உண்டு: எலும்போ பழம்பொருளோ தென்பட்டால் உடனே நிறுத்தவேண்டும். தென்பட்டதா என்று அருணிடம் கேட்டேன். இல்லை, தளத்தின் தினப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

"எலும்பு எப்படிம்மா வரும்?" என்றார் கன்னியப்பன். "பச்ச எலும்பு. நாலு மழைல மண்ணோட போயிடும்."

ஜேசிபி ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்திருந்தார். ஜார்க்கண்டைச் சேர்ந்தவர், பெயர் லக்கன். இறங்கிப் போய் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பெயின்ட் வாளியை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. அருண் முன்பு புனேயில் வேலை பார்த்தவர், இந்தி தெரியும். லக்கன் சொல்லச்சொல்ல மொழிபெயர்த்தார்.

"எங்கள் ஊரிலும் சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை. முதல் வளையலைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சொன்னால் இரண்டு நாள் வேலையை நிறுத்துவார்கள், என்னை வேறு தளத்துக்கு அனுப்புவார்கள், இன்னொருவன் வந்து தோண்டுவான். அவன் இதையெல்லாம் மண்ணோடு அள்ளிவிடுவான். அதனால் நானே மெதுவாகத் தோண்டினேன்."

அருண் கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை மொழிபெயர்த்தார்.

வாளிக்குள் கறுப்பு வளையல்கள், என் கட்டைவிரலில்தான் நுழையும் அளவு. பால் புகட்டும் பாலாடைகள் சில. ஒரு பால்புட்டி, அளவுக்கோடுகள் அழியாமல். நிறம் போன கிலுகிலுப்பை ஒன்று. எல்லாவற்றையும் கழுவியிருந்தார்.

கன்னியப்பன் குனிந்து பார்த்தார், தொடவில்லை. பிறகு லக்கனிடம், சைகையும் தமிழுமாக, "ரெட்டை மரம். ஒரே வேரு, ரெண்டு மரம். எந்தாண்ட?" என்று கேட்டார். இரண்டு விரலைச் சேர்த்து நிமிர்த்திக் காட்டினார். லக்கனுக்கு அருண் தேவைப்படவில்லை. குழியின் நடுவைக் காட்டினார். சனிக்கிழமை அந்த வேரைப் பெயர்க்க அரைநாள் ஆயிற்றாம்.

என்னைத் தனியே அழைத்துப்போய்க் கன்னியப்பன் சொன்னார்: "கஸ்தூரி புள்ளய அங்கதாம்மா வெச்சேன். அவ ஊட்டுக்காரன் கைலேந்து நாந்தான் வாங்கினேன். அதுகிட்ட சொல்லாத. ஓரமாத்தான் கீதுன்னு சொல்லிடு. குழிய மாத்திட்டா அது நிம்மதியா இருந்துட்டுப் போவட்டும்."

அன்று மாலை திட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். பேசியவர் உயர் பொறுப்பில் இருப்பவர், மரியாதையானவர். பதிவேட்டில் அரசுத் தரிசு என்றுதானே இருக்கிறது, எலும்பு ஏதும் கிடைத்ததா என்றார். வளையல் கிடைத்தது என்றேன். வளையல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்குமே என்றார். கோபமின்றிச் சொன்னார். நானும் கொழும்பில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை அருண் காலையிலேயே தேநீர்க்கடைக்கு வந்துவிட்டார். இரவு தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

"மேடம், பதினேழுல நீங்க 'ஆம்'னு மாத்துனீங்கன்னா வேலை தானா நின்னுரும்ங்க. கமிட்டி, மறு ஆய்வு, மாற்று இடம். கடன் மார்ச்சோட முடியுது. அப்பறம் சென்டரே வராதுங்க." தேநீரைச் சுழற்றினார். "இன்னொண்ணு பண்ணலாம். நிலத்தடி நீர் மேல இருக்குதுன்னு எழுதி, குழிய மட்டும் கிழக்கால நகத்திரலாம். அது எம்மட்டத்துலயே முடிஞ்சுரும்ங்க. ஆனா வேற எதையும் எழுதக்கூடாது."

கிழக்குப் பக்கம் மாடு கட்டிய இடம், அங்கே யாரையும் வைத்ததில்லை என்று கன்னியப்பன் உறுதி சொல்லியிருந்தார்.

முடிவை நான் எடுக்க விரும்பவில்லை. அங்கன்வாடிக்குப் போனேன். மதிய நேரம், குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கினார்கள். மூலையில் சுவரோடு சாய்ந்து, மற்றவர்களைவிட நீளமான ஒரு சிறுமி. கஸ்தூரியின் மூத்த மகள் நந்தினி, ஒன்பது வயது, இரண்டு காலும் விறைத்தவை. பயிற்சிக்காக வாரம் மூன்று நாள் அவளைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் போய்வருகிறாள் கஸ்தூரி. இரண்டு வழியையும் சொன்னேன்.

யோசிக்கவே இல்லை. "சென்டர் வரணும்க்கா. இவ வெயிட்டு ஏறிகினே போவுது, என் இடுப்பு தாங்கல. வாசல்லயே வருதுன்னு எத்தினி நாளு பாத்துகினு கீறேன். குழி மட்டும் அந்தாண்ட போவட்டும்."

"அப்படியானால் உன் பிள்ளையைப் பற்றி எங்கேயும் எழுத மாட்டார்கள்."

"இது வரைக்கும் யாரு எழுதினா?"

அடுத்து அவள் கேட்டதுதான் கடினம். "கன்னியப்பண்ணன் ரெட்டை மரத்தாண்டன்னு அப்பவே எங்க ஊட்டுக்காரரு கிட்ட சொல்லிச்சாம், மாமியா சொல்லுது. ரெட்டை மரம் எங்க இருந்துச்சாம்?"

ஓரத்தில் என்று சொல்லியிருக்கலாம். கன்னியப்பன் சொல்லச் சொன்னதும் அதுவே. அருணின் தாளில் நிலத்தடி நீர் என்று எழுத இப்போதுதான் மனதுக்குள் தலையாட்டியிருந்தேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்க்கு வாய் வரவில்லை.

"குழிக்கு நடுவில்" என்றேன்.

அவள் நந்தினியின் போர்வையைச் சரிசெய்தாள். "தோண்டிட்டாங்களா?"

"சனிக்கிழமை."

"அப்ப அந்த மண்ணு?"

மூன்று நாளாக நான் கேட்காத கேள்வி அது. தோண்டிய மண் எங்கே போகும் என்று படிவமும் கேட்கிறது. 'ஒப்புதல் பெற்ற இடத்துக்கு' என்ற பதிலின் மேல் என் பேனா நின்றதே இல்லை. நான் போய்க் கேட்டதும் அருண் லாரிக்காரரைத் தொலைபேசியில் விசாரித்தார். குத்தம்பாக்கம் தாண்டி ஒரு மனைப்பிரிவு, ஒன்பது லோடு.

வெள்ளிக்கிழமை காலை லக்கன் பழைய குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார். மண் போதாமல் ஏரிப்பக்கமிருந்து வேறு மண் வந்துகொண்டிருந்தது. வாளியில் இருந்ததைக் கன்னியப்பன் வாங்கிக்கொண்டார். புதைக்கும் முன்பு கஸ்தூரியை அழைத்தார். அவள் தகரச் சந்துவரை வந்தாள், உள்ளே வரவில்லை. வாளியைச் சந்து வழியாக நீட்டினார்.

ஒவ்வொரு வளையலாக எடுத்துப் பார்த்தாள். "பூந்தமல்லி கடைத்தெருவுல வாங்கினேன். எல்லாருமே அங்கதான் வாங்கறோம்" என்றாள். கடைசி வளையலையும் உள்ளே போட்டுவிட்டு, "எல்லாமே அவன்துமாறிதான் கீது" என்று வாளியைத் திருப்பிக்கொடுத்தாள். ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு என்னிடம், "அக்கா, அந்த மண்ணு கொட்ன எடத்துக்கு இட்டுகினு போறீங்களா?" என்றாள்.

நந்தினியை அங்கன்வாடி ஆசிரியையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். பேருந்தில் நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்கள் யாரோ ஒரு மச்சானின் பைக் திருட்டுப் போன கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். திருமழிசை தாண்டியதும் காற்று வந்தது. புதிய பேருந்து நிலையத்துக்கு அப்பால் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் அதன் கிளட்ச் வயர் அறுந்தது. ஓட்டுநர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டு, "போய் சேந்துட்டான்மா, நடங்க" என்றார். மிச்சத்தை நடந்தோம். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. நான் வாங்கிய பன்னைப் பாதியாகப் பிய்த்து, பாதியை நந்தினிக்கென்று மடித்து வைத்துக்கொண்டாள். மற்றப் பாதி வழி முழுக்கக் கையிலேயே இருந்தது.

மனைப்பிரிவு வண்ணக் கொடிகளால் தெரிந்தது. நட்டுவைத்த கற்களில் மஞ்சள் பெயின்ட். பந்தலுக்குள்ளிருந்து ஒருவர் குளிர்பான பாட்டிலோடு ஓடிவந்தார். "வாங்கம்மா வாங்க, அக்கா தங்கச்சியா? பக்கத்துப் பக்கத்துல போட்டுக் குடுத்துடறேன். காலைல வந்தவங்களுக்குத்தான் கார்னர்."

"ஏரி மண்ணு கொட்னது எந்தாண்டண்ணே?" என்றாள் கஸ்தூரி.

அவர் முகம் மலர்ந்தது. "மண்ணப் பத்திக் கேக்கற மொத ஆளு நீதாம்மா. மூணாவது ரோட்டுக்கு. சூப்பர் மண்ணு. ரோலர் வுட்டு இறுக்கிட்டோம், லாரியே போனாலும் அசையாது. வாங்க."

முப்பதடி அகல ரோடு. செம்மையும் கருமையும் கலந்த மண், தட்டையாக, பிசிறில்லாமல், கடைசிவரை ஒரே சீராகக் கிடந்தது. ஒன்பது லோடில் எது எங்கே என்று சொல்ல எந்த மரமும் இல்லை. அவர் என்னை ரோட்டின் நடுவுக்கு அழைத்துப்போய்க் குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினார். நானும் தட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

திரும்பியபோது கஸ்தூரி பின்னால் இல்லை. ரோடு தொடங்கும் இடத்திலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ரோட்டில் கால் வைக்காமல், ஓரத்து வேலிப்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். அங்கே வெட்டிப்போட்ட கருவேல முள் காய்ந்து கிடந்தது. புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஒவ்வோர் அடியாக, பார்வையை மண்ணை விட்டு எடுக்காமல் வந்தாள். ஓரிடத்தில் நின்று காலைத் தூக்கி எதையோ பிடுங்கிப் போட்டாள். மறுபடியும் நடந்தாள்.

"இன்னாம்மா அந்தாண்ட போறே?" என்று கத்தினார் மனைக்காரர். "முள்ளு கீது, ரோட்டு மேல வாம்மா!"

"இருக்கட்டும்ணே" என்றாள் அவள்.

நான் மூன்றாவது ரோட்டின் நடுவில், கழற்றாத சப்பாத்துக்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.